இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று

...எடுத்ததில் தப்பில்லை, ஆணி என்ற பெயரில் எழுதுகிறவரின் பதிவை இணையக் குழுமத்திலிருந்து எடுத்ததில் ஒரு தப்பும் இல்லை, ஒரு மனிதரைப் பார்த்து விலை போனவன், மூளை இல்லாதவன், சொந்த வீட்டையே விற்றுவிட்டு வாசலில் நிற்பவன் என்று எழுதினால் எடுக்காமல் தட்டியா கொடுக்க முடியும், ஆனால் ஆணி இவள் பக்கத்து ஆள், தன் பக்கத்து ஆளை எடுத்துவிட்டு அந்தப் பக்கத்தில் ஒன்றையும் தொடாமல் விட்டால் அவ்வளவுதான், துரோகி, பயந்தாங்கொள்ளி, அவர்களோடு சேர்ந்துவிட்டாள் என்று ஆரம்பித்துவிடுவார்கள், பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் கைபேசி மடியில் கிடந்து துடிக்கிறது... அவள் கண்களை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். மூடியே வைத்திருக்க வேண்டும் என்பது செவிலியின் உத்தரவு. கண் மருத்துவமனையின் நீளமான நடைவழி, சுவரோரம் வரிசையாக இரும்பு நாற்காலிகள், அவற்றில் காலை பதினொரு மணிக்கு இருபது பேர் தூக்கம் வராத தூக்கத்தில் தலையைப் பின்னால் சாய்த்துக் கிடந்தார்கள், எல்லோர் நெற்றியிலும் எந்தக் கண் என்று காட்ட ஒரு சின்ன ஒட்டுத்தாள், இவளுக்கு இரண்டு. மருந்து நான்கு முறை விட வேண்டும், இரண்டு முறை ஆகிவிட்டது. கண்பாவை விரிந்தால்தான் மருத்துவர் உள்ளே பார்ப்பார். விரிகிற வரைக்கும் எதிரே இருப்பவர் முகமே மாவு பூசினமாதிரி இருக்கும், கைபேசி எழுத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இன்றைக்குப் பார்த்தா இது நடக்க வேண்டும்... பல் செய்யும் கூடத்தில் ஒரு நாள் விடுப்புக் கேட்பதற்கே முதலாளி மூஞ்சியை அஷ்டகோணலாக்கிக்கொள்வார், அங்கே இருபத்திரண்டு வருடமாக அவள் மெழுகில் பல் செதுக்குகிறாள், மேல் தாடை அச்சு, கீழ்த் தாடை அச்சு, நடுவில் நீலத்தாளை வைத்துக் கடிக்கவிட்டு எங்கே நீலம் அதிகம் ஒட்டுகிறதோ அங்கே ஒரு மயிரிழை தேய்ப்பது, பிறகு எதிர்ப்பக்கத்தில் ஒரு மயிரிழை. அந்த வேலைக்குக் கண்தான் சோறு. இரண்டு மாதமாக நீலம் எது நிழல் எது என்று குழம்புகிறது, முதலாளிக்குத் தெரிவதற்கு முன்னால் பார்த்துவிடலாம் என்று வந்தாள். கூடத்தில் கற்ற அந்தத் தேய்ப்பைத்தான் குழுமத்திலும் செய்கிறாளோ என்று சில சமயம் தோன்றும், இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்... தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் பல்லே மிஞ்சாமல் போன செட்டும் உண்டு. புதிதில் ஒன்று அப்படிச் செய்துவிட்டு நாள் முழுக்க அழுதிருக்கிறாள்.

குழுமம் என்று பெரிதாகச் சொல்கிறோமே தவிர, இருநூற்றுப் பதினான்கு பேர், அதில் வாயைத் திறப்பவர்கள் முப்பது பேர், அந்த முப்பது பேரும் ஊர் அரசியலைப் பேசித் தீர்க்கக் கூடிய இடம் இணையத்தில் ஒரு சின்ன மூலை. இப்போதைய சண்டை தண்ணீர். ஊர்க் குடிநீரைத் தனியாரிடம் கொடுக்கலாமா கூடாதா. கொடுக்கலாம் என்பவர்கள் ஒரு பக்கம், கூடாது என்பவர்கள் ஒரு பக்கம், அவள் கூடாது பக்கம். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு மட்டுறுத்துநர்கள், எல்லை மீறும் பதிவுகளை எடுப்பதற்கு. மட்டுறுத்துநர்... சொல் என்னவோ நீதிபதிமாதிரி கம்பீரமாக இருக்கிறது, வேலை வகுப்பில் பேசியவர்கள் பெயரைப் பலகையில் எழுதும் வேலை. அந்தப் பக்கத்து மட்டுறுத்துநர் ஒரு மருந்துக்கடைக்காரர், நல்ல மனிதர், முகம் பார்த்ததில்லை. அவரும் இவளும் சேர்ந்து போட்ட ஏற்பாடுதான் இந்த ஜோடிக் கணக்கு. இந்தப் பக்கத்தில் ஒன்றை எடுத்தால் அந்தப் பக்கத்திலும் ஒன்று, ஒரு மணி நேரத்துக்குள். எடுத்ததைத் திரும்பப் போட வேண்டுமானாலும் ஜோடியாகத்தான் போட வேண்டும், இருவரும் சம்மதித்தால்தான். இந்த ஏற்பாடு வருவதற்கு முன்னால் வாரத்துக்கு ஐந்து பேர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள், வந்த பிறகு மூன்று வருடத்தில் மொத்தம் நான்கு பேர். யாராவது குற்றம் சொல்லட்டும் பார்ப்போம்.

இன்னொரு விதியும் உண்டு, அது இவள் மட்டுமே கொண்டுவந்தது, அதில் அவளுக்கு ரகசியமாகக் கொஞ்சம் பெருமையும் உண்டு. யாருக்காவது மறுப்பு எழுதுவதானால் முதலில் அவர் என்ன சொன்னார் என்பதை உன் வார்த்தையில் எழுது, பிறகு உன்னுடையதை எழுது. இதனால் பாதிப் பேர் எழுதும்போதே ஆறிப்போனார்கள். மீதிப் பாதி ஆறவில்லை, அது வேறு கதை... நெற்றி வலிக்கிறது, கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் உள்ளே வெளிச்சம் சுற்றுகிறது, மடியில் இன்னும் துடிப்பு நிற்கவில்லை. ஜோடியைத்தான் எடுத்தாகிவிட்டதே. பிறகென்ன?

எடுத்தது தொட்டியின் பதிவு. தொட்டி என்றால் மேல்நிலைத் தொட்டி, குழுமத்தில் அவனுடைய பட்டப்பெயர் அது, குடிநீர் வாரியத்தில் நீரேற்று நிலையத்தைப் பார்த்துக்கொள்பவன் வேறு என்ன பெயர் வைத்துக்கொள்வான். தொட்டி அவளுடைய அண்ணன். குழுமத்தில் ஓர் ஈ காக்கைக்கும் இது தெரியாது, மருந்துக்கடைக்காரருக்கும் தெரியாது. அவனுக்குத் தெரியும், மெழுகு என்ற பட்டப்பெயரில் ஒருத்தி இருந்தால் அது யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டுமா. மூன்று வருடம் முன்னால் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இதே தண்ணீர்ப் பேச்சு, அப்போது அது வெறும் வதந்தி, அவள் பாட்டுக்குக் கடைசித் தெருக்காரர்கள் கதி என்ன ஆகும், காசுள்ளவன் வீட்டுக்குத்தான் குழாய் திரும்பும் என்று சொன்னாள், அவனோ, அண்ணி முன்னால், இவள் கணவன் முன்னால், வளர்ந்த மகள் முன்னால், நீ பல்லு செய்யுற வேலையப் பாரு, தண்ணியப் பத்தி உனக்கென்ன தெரியும் என்றான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினாள். அன்றோடு சரி. தொலைபேசி இல்லை, போக்குவரத்து இல்லை. ஒரு வாரம் கழித்துக் குழுமத்தில் புதிதாக ஒருவர் சேர்ந்தார், முதல் பதிவிலேயே மூன்று இடத்தில், அண்ணன் வாயிலிருந்து எப்போதும் வரும் அதே சொல்லப்போனால், சொல்லப்போனால்... அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அதிலிருந்து இருவரும் பேசிக்கொள்வது அங்கேதான். பேச்சா அது? அவன் ஏதாவது கேட்க வேண்டுமானால் மட்டுறுத்துநர் அவர்களுக்கு என்று தொடங்குவான், அவள் தொட்டி அவர்களுக்கு என்று பதில் போடுவாள், வங்கி மேலாளருக்கு விண்ணப்பம் எழுதுவதுபோல. ஜோடிக்கு அந்தப் பக்கத்தில் ஒன்று வேண்டும் என்கிறபோது அவள் கை தானாக அவனிடம்தான் போகும். ஏன் என்று கேட்டால்... நீளமாக எழுதுவான், எங்காவது ஒரு சூடான சொல் கிடைத்துவிடும், அது ஒரு காரணம். மற்றவர்களை எடுத்தால் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள், இவன் போக மாட்டான், அதுதான் நிஜமான காரணம். எத்தனை முறை எடுத்தாலும் மறுநாள் வந்து சொல்லப்போனால் என்று ஆரம்பிப்பான். சொந்தம் என்றால் அதற்குத்தானே, நம் கோபத்தைத் தாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கைதானே? அல்லது அது வேறு ஏதாவதா? கணவனிடம் ஒருநாள் சொன்னபோது, வீட்டுல இடிக்கிறதுக்குச் சுவரு இல்லாம அண்ணனப் போய் இடிக்கிறியா என்று கேட்டுவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டான்.

இன்றைக்கும் அப்படித்தான். முதல் முறை மருந்து விட்ட பிறகு, எழுத்துகள் எறும்பாக ஊரத் தொடங்கின நேரம், ஆணியின் பதிவை எடுத்தாள். அதற்கு நேர் கீழேயே தொட்டியின் பதிவு இருந்தது. கையை நீட்டமுடிந்த மட்டும் நீட்டிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள், முதல் வரியில் விலை போன... அடுத்து மூளை... சரிதான், இவனும் அதே சாக்கடையில் இறங்கிவிட்டானா என்று நினைத்தாள், மனசு என்று ஒன்று இருக்கிறதே, அது அந்த நேரத்தில் நிம்மதிப் பெருமூச்சு விட்டது, தேடாமல் ஜோடி கிடைத்துவிட்டது. நீக்கும் பொத்தான் எங்கே இருக்கும் என்று கட்டைவிரலுக்கே தெரியும். எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். செவிலி வந்து இமையைத் தூக்கி இரண்டாவது முறை விட்டாள். எரிந்தது.

இப்போது மூன்றாவது முறைக்கும் செவிலி வந்துவிட்டுப் போனாள், போகும்போது, போனத் தொடாதீங்கம்மா, எத்தன தடவ சொல்றது என்று கண்டித்துவிட்டுப் போனாள். தொடாமல் எப்படி இருப்பது. எடுத்துப் பார்த்தால் திரை ஒரு வெள்ளைப் பலகை, அதில் சாம்பல் நிறத்தில் ஏதோ மேகம். துடிப்புமட்டும் விடாமல். யாராவது வெளியேறுகிறார்களா, கூட்டமாகவா, மருந்துக்கடைக்காரர் ஏன் பார்க்கவில்லை, இந்த நேரத்தில் கடையில் கூட்டமாக இருக்குமே... பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் இருந்தாள், தையற்கடை வைத்திருக்கிறாளாம், மாமியாருக்குத் துணையாக வந்தவள், கண்ணில் மருந்து இல்லாத அபூர்வப் பிறவி. கேட்டுவிட்டாள். வெட்கத்தை விட்டு, அந்தப் பெண்ணிடமே இதைக் கொஞ்சம் படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டுவிட்டாள்.

தையற்காரி சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். காலையிலிருந்து மாமியாரின் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு இது பெரிய விடுதலை போலிருக்கிறது. நடைவழி முழுக்கக் கேட்கும்படி, சமையல் குறிப்பு வாசிக்கிற குரலில், ஆணி என்பவர் எழுதியிருக்கிறார், மெழுகு ஒழிக, எதிரியின் கைக்கூலி மெழுகு ஒழிக, ஆமா இந்த மெழுகு யாருங்கக்கா என்று கேட்டாள். யாரோ என்றாள் இவள். எதிர் வரிசையில் கண் மூடிக் கிடந்த இரண்டு பேர் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். இன்னும் ஏழெட்டு இருந்தன, எல்லாம் வழக்கமான வசவு, கேட்கக் கேட்க அவளுக்கு மூச்சு வந்தது, வசவு என்றால் குழுமம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், யாரும் போகவில்லை. அப்புறம் தையற்காரி, இது உங்களுக்குத் தனியா வந்திருக்கு, தொட்டின்னு ஒருத்தர்கிட்டயிருந்து, படிக்கவா என்றாள்.

படிங்க.

"மட்டுறுத்துநர் அவர்களுக்கு. நீக்கியதைப் பார்த்தேன். உங்கள் பதில் புரிந்தது. இனி இங்கே எழுத மாட்டேன். இதுவரை பொறுத்துக்கொண்டதற்கு நன்றி."

பதிலா? என்ன பதில்? எதற்குப் பதில்? முப்பது தடவைக்கு மேல் எடுத்தபோதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லாதவன், இன்றைக்கு எதற்கு... நீக்கியவை என்று ஒரு பெட்டி இருக்கும், மட்டுறுத்துநர்களுக்கு மட்டும் தெரியும், அதைத் திறக்க வேண்டும், மேலே வலது ஓரத்தில், குப்பைக்கூடை மாதிரி ஒரு படம், ஆமாம் அதுதான், அதில் முதலில் இருப்பது... தையற்காரி தடவித் தடவிக் கண்டுபிடித்தாள். இப்போது அவள் குரல் கொஞ்சம் தணிந்திருந்தது, நீளமான எழுத்தைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்து ஞாபகம் வந்திருக்கும், ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"ஆணி சொல்வது இது. நான் விலை போனவன், மூளை இல்லாதவன், சொந்த வீட்டையே விற்கக் கிளம்பியவன். சரியாகச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். விலை போகவில்லை. மற்ற இரண்டும் உண்மையாக இருக்கலாம்."

ஐயோ. அவளுடைய விதி. அவன் விதிப்படி எழுதியிருக்கிறான், அடுத்தவர் சொன்னதை முதலில், தன் வார்த்தையில்... அவள் பார்த்த இரண்டு சொல்லும் ஆணியுடைய சொல். தன்னைத் திட்டினதைத் தானே மரியாதையாக எழுதிவைத்திருக்கிறான், அதற்குப் போய் அவள்... தையற்காரி நிறுத்தவில்லை.

"சொல்லப்போனால், போன மாதம் வாரியத்திலிருந்து என்னைப் பக்கத்து ஊருக்கு அனுப்பினார்கள். தனியாரிடம் கொடுத்து இரண்டு வருடம் ஆன ஊர். கடைசித் தெருவில் ஒரு வீட்டில் குழாயைத் திறந்து காட்டினார்கள். காற்று வந்தது. அந்த வீட்டு அம்மா, தினமும் திறந்து பார்ப்பேன் என்றார். நான் இத்தனை நாள் இங்கே சொன்னது தப்பு. இதை எனக்கு முதலில் சொன்னவர் ஒருவர் இருக்கிறார். அவரைப் பாதிச் சாப்பாட்டில் எழ வைத்தேன். அவர் இந்தக் குழுமத்தில்தான் இருக்கிறார். நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். பதில் வேண்டாம். அவர் படித்தால் போதும்."

அவ்வளவுதாங்க என்றாள் தையற்காரி. பிறகு கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, யாருங்கக்கா இது, பாவமா இருக்கு, அந்த ஆளு படிச்சாரா இல்லையா என்று கேட்டாள். இவள் கண்ணிலிருந்து வழிந்தது, மருந்துதான் வழிகிறது என்று தையற்காரி நினைத்திருப்பாள், தாள் கைக்குட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மூன்று வருடம்... ஓர் ஆம்பிளை, வாரியத்தில் முப்பது பேரை மேய்க்கிறவன், எதிரிகள் எல்லோரும் பார்க்க நான் தப்பு என்று எழுதி, அதைத் தன் பக்கத்து ஆட்களும் பார்க்க எழுதி, அவனை இனி அந்தப் பக்கமும் சேர்க்காது, இந்தப் பக்கமும் சேர்க்காது... அதைப் படித்துவிட்டுத்தான் தங்கை குப்பையில் போட்டாள் என்று இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறான். அதுதான் அவனுக்குப் போன பதில்.

திரும்பப் போட்டுவிடலாம். போட முடியுமா? மருந்துக்கடைக்காரரைக் கூப்பிடச் சொன்னாள், தையற்காரி போட்டுக் கொடுத்தாள். அவர் பின்னால் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னாள், கண் தெரியாமல் எடுத்துவிட்டேன், தப்பாக எடுத்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். போடலாம், போட்டால் ஆணியுடையதும் வருமே, பரவாயில்லையா என்றார். அதுவும் இல்லாமல் தொட்டி உங்க பக்கத்துக்குச் சாதகமா எழுதியிருக்காரு, எடுத்ததும் நீங்க, திரும்பப் போட்டதும் நீங்கன்னா, எங்க ஆளு தோத்துட்டான்னு நீங்க தம்பட்டம் அடிக்கிறதாத்தான் எங்காளுங்க சொல்லுவாங்க, ஒரு பத்துப் பேராவது கிளம்பிடுவாங்க என்றார். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தொட்டி என் அண்ணன் என்று வாய்வரைக்கும் வந்தது. சொன்னால்? மூன்று வருடமாக எடுத்தது, விட்டது எல்லாவற்றையும் தோண்டிப் பார்ப்பார்கள், அண்ணனுக்காக விட்டாள், அண்ணனைப் பழிவாங்கினாள், இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள், மருந்துக்கடைக்காரரும் மாட்டிக்கொள்வார். சாயங்காலம் யோசிச்சுச் செய்யலாம்மா என்று அவர் வைத்துவிட்டார். நாமே நட்ட வேலி, நாமே உள்ளே. இருநூறு பேரை உடையாமல் வைத்திருப்பவளுக்கு ஒரே ஒருவனிடம் ஒரு வரியைக் கொண்டுசேர்க்க வழியில்லை.

வழி ஏன் இல்லை? குழுமம் வேண்டாம், எண் இருக்கிறதே... மூன்று வருடமாகத் தொடாத எண். அண்ணன் என்றுதான் பதிந்து வைத்திருக்கிறாள், அதை மாற்றவில்லை. தையற்காரி தேடி, இதுதானே, கூப்பிடவா என்றாள். அவள் தலையாட்டினாள். மணி போனது, ஒன்று, இரண்டு, எடுக்க மாட்டான், நான்கு, ஐந்து, எடுக்காவிட்டால் அதுவும் நல்லதுதானோ என்று ஒரு கேவலமான நினைப்பு, ஆறு...

"சொல்லு."

பின்னால் நீரேற்று இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. குரல் கொஞ்சம் கிழடு தட்டியிருந்தது. யோசித்து வைத்திருந்த எதுவும் வரவில்லை.

"அண்ணா, நான் அதப் படிக்கல. கண்ணுல மருந்து விட்டிருக்காங்க, எழுத்தே தெரியல. படிக்காமலே எடுத்துட்டேன். இப்பதான் ஒருத்தங்க படிச்சுக் காட்டினாங்க."

கதவு ஒன்றைச் சாத்தினான் போலிருக்கிறது, சத்தம் குறைந்தது.

"கண்ணுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல, சும்மா பாக்க வந்தேன்."

"தனியாவா வந்த?"

ம் என்றாள். அவனும் ம் என்றான். தீர்ந்தது, எல்லாம் தீர்ந்தது என்று மார்புக்குள் ஏதோ இளகியது, இவ்வளவுதானா, இதற்குத்தானா மூன்று வருடம், சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லலாமா, அண்ணியிடம் முதலில் என்ன பேசுவது... அவன் தொண்டையைச் செருமினான். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் கஷ்டம், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டான்.

"அப்ப மத்ததெல்லாம்?"

"எது?"

"இதுக்கு முன்னாடி எடுத்தியே. முப்பது முப்பத்தஞ்சு இருக்கும். அப்பல்லாம் கண்ணு நல்லாத்தான இருந்துது. அதயெல்லாம் படிச்சியா?"

படித்தேன் என்று சொல்லிவிடலாம். ஒரே சொல். சொல்வதற்கு வாயையும் திறந்துவிட்டாள். அதற்குள் ஒன்றையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள், ஒரே ஒன்று, அதன் முடிவு என்ன, கடைசி வரியில் என்ன சொல்லியிருந்தான்... அந்தச் சொல்லப்போனால் ஞாபகம் இருந்தது, சூடான சொற்கள் ஞாபகம் இருந்தன, எந்தச் சொல்லைக் காட்டி எதை எடுத்தாள் என்பதுகூட ஞாபகம் இருந்தது. அந்தச் சொல் கிடைத்ததும் அவள் படிப்பதை நிறுத்தியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும். அவற்றிலும் இப்படி ஏதாவது இருந்ததா? எதிலாவது அவளைக் கூப்பிட்டிருந்தானா? செவிலி வந்து அவள் பெயரைச் சொல்லாமல் தோளைத் தொட்டு, நாலாவது மருந்து, தலையச் சாய்ங்க என்றாள். அவள் கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அண்ணனும் வைக்கவில்லை, அவள் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தான்.